குத்தவைத்து உட்காராத கால்

இடுப்புக்கு மேலே ஆள் இல்லை.

குரங்கணிச் சாவடியில் ஒரு கோரைப்பாய். பாயின்மேல் ஒரு இடுப்பெலும்பு, இரண்டு தொடையெலும்பு, ஒரு முழங்கால் சில்லு, முழங்காலுக்குக் கீழே வரும் நெட்டெலும்பு ஒன்று. ஆள் அவ்வளவுதான். பாதங்களும் இன்னொரு காலின் கீழ்ப்பாதியும் செந்நாய்களுக்குப் போயிருக்கும். தலையும் மார்பும் ஓடை வெள்ளத்தோடு போயிருக்கும். மிச்சம் ஒரு பாறை இடுக்கில் மாட்டிக்கிடந்து, முந்தின நாள் விறகு பொறுக்கப் போன பெண்களின் கண்ணில் பட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷத்து ஐப்பசி மழையில் மலையேறிப் போய்த் திரும்பாத சுமைக்காரன் ராக்கையா இதுதான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. இடுப்பெலும்பைச் சுற்றிக் கிடந்த வெள்ளி அரைஞாண் அவனுடையது. அவன் பெண்டாட்டி சுருளியம்மாளே பார்த்து, "அவுகளோடதுதான்" என்று சொல்லிவிட்டாள். உச்சிப்பொழுதில் ஓடைக்கரையில் அவளுக்குத் தாலி அறுப்பு.

"பாதி ஆளுக்கே இத்தனை கூட்டம்," என்றான் மொக்கையன். "முழு ஆளாக் கெடச்சிருந்தா தேவாரம் ஊருலருந்தும் வந்திருப்பாக."

மொக்கையனுக்கு நாற்பது வயது, வழுக்கைத் தலை, இரண்டு பொதிக்கழுதை. மலைக்கு அரிசி ஏற்றிப் போய் ஏலக்காய் இறக்கி வருவது அவன் சோலி. அந்தச் சோலியை விட்டுவிட்டு எலும்புக்காரர் பின்னால் சுற்றுவது அவனுக்குப் பிடித்தமான வேலை.

எலும்புக்காரர் என்று போடி முழுக்கப் பேர் வாங்கிய காசிராஜன் பாயருகே உட்கார்ந்திருந்தார். பட்டணத்தில் ஒரு வைத்தியப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் எலும்பு அறையில் இருந்த மனுஷர். வேகவைப்பது, கழுவுவது, கம்பியில் கோப்பது என்று அவர் கை படாத எலும்பு கிடையாது. வாத்தியார்மார் பேசியதை ஓரமாய் நின்று கேட்டுக் கேட்டு, வாத்தியார்மாரைவிடக் கூடுதலாகத் தெரிந்துகொண்டார். ராசிங்காபுரத்தில் இருந்த அவர் சம்சாரம் காலராவில் போய்ச் சேர்ந்த கடுதாசி, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் அவர் கைக்கு வந்தது. அதற்கப்புறம் ஊர் திரும்பினார். போடியில் ஒற்றை அறை. களவு, காணாமல் போனது, கிணற்றில் கிடந்தது என்றால் ஆளனுப்பிக் கூப்பிடுவார்கள். மற்ற நாளில் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"என்ன எலும்புக்காரரே, மனுஷன்தானே?" என்று அவசரப்படுத்தினார் மணியக்காரர் முனியசாமி.

"மனுஷன்தான்."

"ஆம்பளைதானே?"

காசிராஜன் இடுப்பெலும்பைத் தூக்கித் திருப்பினார். பின்பக்கம் வளைவாக ஒரு வெட்டு இருக்கிறது. அதில் கட்டைவிரலை வைத்தார். விரல் அசைய இடமில்லாமல் நெருக்கியது.

"ஆம்பளைதான். பொம்பளைன்னா வெரல் தாராளமா அசையும். பிள்ளை வர்றதுக்கு வழி வேணும்ல."

"ஆம்பளைக்குத்தான் எல்லாத்துலயும் கஞ்சத்தனம்," என்றான் மொக்கையன்.

மணியக்காரர் சிரிக்கிற நிலையில் இல்லை. தாலுகாக் கச்சேரிக்கு அவர் காகிதம் எழுத வேண்டும். எலும்பு தெரிந்த ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு எலும்பை முத்திரை வைத்துப் பெரியகுளத்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும். "வெரசாப் பாத்து ராக்கையான்னு ஒரு வரி போடும். அந்தப் புள்ளையும் எத்தனை நாளைக்குத்தான் ரெண்டுங்கெட்டானா இருக்கும்?"

காசிராஜன் திரும்பிப் பார்த்தார். சாவடிக்கு வெளியே பூவரச மரத்தடியில் சுருளியம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஒருத்தியும் பக்கத்தில் போகவில்லை. இருபத்தெட்டு வயசு இருக்கும். மூன்று வருஷமாகக் கல்யாண வீட்டுக்காரன் அவளைக் கூப்பிடவில்லை, புருஷன் என்ன ஆனானோ என்று. விதவைகளும் சேர்த்துக்கொள்ளவில்லை, கழுத்தில் தாலி கிடக்கிறதே என்று. ஆடு ஒன்று மட்டும் அவள் முழங்காலில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

எப்படியாவது இது வேறு ஆளாக இருந்து தொலையட்டும் என்று காசிராஜன் நினைத்துக்கொண்டார். எலும்பைப் பார்க்குமுன்னே ஒன்றை ஆசைப்படுவது அவர் தொழிலுக்கு ஆகாது. ஆனாலும் ஆசைப்பட்டார்.

முதலில் அரைஞாணைப் பார்த்தார். கொக்கி முழுசாக இருந்தது. வளையமும் முழுசாக இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று மாட்டவில்லை. நடுவே நாலு விரல் நீளத்துக்கு ஒரு தோல்வார் முடிந்திருந்தது.

"அறுந்திருக்கும், முடிஞ்சு கட்டியிருப்பான்," என்றான் மொக்கையன்.

"எங்க அறுந்திருக்கு, காட்டு பாப்போம்."

மொக்கையன் கண்ணி கண்ணியாகத் தடவினான். "அறுகலைதான்."

"சங்கிலி இடுப்புக்குப் பத்தலை. அதனால வாரை ஒட்டுப்போட்டிருக்கு. ராக்கையாவுக்குத் தொந்தி உண்டா?"

"தொந்தியா? வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கும். தெனம் ரெண்டு மூடை சுமந்தா எனக்கும் அப்படித்தான் இருக்கும். எனக்குப் பதிலா கழுதை மெலியுது."

வாரின் ஒரு நுனியில் மஞ்சளாகச் சின்னப் பித்தளைக் குப்பி ஒன்று பொருத்தியிருந்தது. கழுதைச் சேணத்தில் இப்படி வார் கிடையாது, ஆனால் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்று மொக்கையன் தலையைச் சொறிந்தான்.

காசிராஜன் தொடையெலும்பை எடுத்துத் தன் தொடையோடு வைத்து அளந்தார். நெட்டையான ஆள். ராக்கையாவும் நெட்டைதானாம். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்து முழங்காலுக்குக் கீழே உள்ள நெட்டெலும்பை எடுத்தார். மேல்நுனியைத் தடவினார். கணுக்காலோடு சேர்கிற கீழ்நுனியைத் தடவினார். முன்விளிம்பில் விரல் நின்றது. மறுபடி தடவினார். முகம் மாறிப்போயிற்று.

"மண்ணு அப்பிக்கெடக்கு. ஓடையில கழுவிட்டு வர்றேன்," என்று எலும்பைத் தோல்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

*

ஓடைக்கரையில் ஆள் இல்லை. காசிராஜன் பைக்குள்ளிருந்து இன்னொரு எலும்பை எடுத்தார். மஞ்சள் துணியில் சுற்றிய, கை பட்டுப் பட்டு வழவழத்துப் போன பழைய கால் எலும்பு. பட்டணத்தில் மூட்டை தூக்கிச் செத்துப்போன அநாதை ஒருவனுடையது. வேலையை விட்டு வரும்போது கேட்டு வாங்கி வந்தது. போடி அறையில் மாடக்குழியில் இருக்கும். சாயங்காலம் அதனோடு நாலு வார்த்தை பேசுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு நிஜம்தான்.

"உங்க கூட்டாளியயும் கூட்டிட்டு வந்திருக்கீகளா?" என்றான் மொக்கையன். "பாவம், வீட்டுல தனியா இருந்தா அதுக்கும் பொழுது போகாது."

"குத்தவச்சு உக்காருடா."

"இங்கயா?"

"சும்மா உக்காரு."

மொக்கையன் பாறைமேல் குத்தவைத்து உட்கார்ந்தான். காசிராஜன் அவன் கணுக்காலின் முன்பக்கம் விரலை வைத்து அழுத்தினார். "நீ இப்படி உக்காரும்போது முழங்கால் முன்னால சாயுது. கால் எலும்போட முன்விளிம்பு பாதத்து எலும்பு மேல போய் இடிக்குது. சின்ன வயசுலருந்து நாம சாப்பிட, பேச, பீடி குடிக்க எல்லாத்துக்கும் இப்படியே உக்காந்தா, இடிச்சு இடிச்சு அந்த எடத்துல ஒரு சின்னப் பள்ளம் விழும். சுண்டுவிரல் நுனி உக்கார்ற அளவுக்கு, வழவழன்னு. இந்தா, இவனுக்குப் பாரு."

மொக்கையன் பழைய எலும்பைத் தடவினான். பள்ளம் இருந்தது. புது எலும்பைத் தடவினான். விளிம்பு மொண்ணையாக, நேராக ஓடியது. பள்ளம் இல்லை.

"இந்த மனுஷன் ஆயுசுல குத்தவச்சதில்லை," என்றார் காசிராஜன்.

"அதெப்படிண்ணே முடியும்? சாப்பாடு கெடக்கட்டும். காலையில காட்டுப்பக்கம் ஒதுங்குறதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்குறேன். காட்டுப்பக்கம் ஒதுங்காம, நாற்காலி போட்டு அதுக்குன்னு உக்கார்ற ஆளு யாரு?"

மொக்கையன் வாயைத் திறந்தான். மூடினான். தோல்வாரும் பித்தளைக் குப்பியும் இப்போதுதான் அவன் மண்டையில் ஏறின. "அடி ஆத்தீ! பூட்ஸு! அது பூட்ஸுக் கயிறுண்ணே. இது துரை காலு!"

"எந்தத் துரை?"

"மூங்கிக்காட்டுத் தோட்டத்துத் தொந்தித் துரை. அதே ஐப்பசியிலதான் தோட்டத்த விட்டுட்டு, தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறப் போறேன்னு எறங்குனான். கப்பலேறிட்டான்னுதான் எல்லாரும் நெனச்சோம். போன வருஷம் அவன் அண்ணங்காரன் சீமையிலருந்து வந்து தோட்டம் தோட்டமா விசாரிச்சான். தம்பி வந்து சேரவே இல்லையாம். யாரு கை வச்சிருந்தாலும் தூக்குல தொங்கவிடாம விடமாட்டேன்னு போலீசோட சுத்துனான்."

காசிராஜனுக்கு அதெல்லாம் காதில் பாதிதான் விழுந்தது. இது ராக்கையா இல்லை. அது ஒன்றுதான் அவர் மனசில் நின்றது. அந்தப் பெண்ணின் கழுத்தில் கிடப்பதை யாரும் தொட வேண்டியதில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் ஒருத்தருக்குச் சொல்ல அவர் கையில் ஒரு நல்ல சேதி இருந்தது. எலும்புகளைப் பையில் போட்டுக்கொண்டு, இளவட்டம் மாதிரி மேட்டில் ஏறினார்.

*

சுருளியம்மாள் அதே இடத்தில் இருந்தாள். காசிராஜன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தாயி, தைரியமா இரு. அது உன் புருஷன் இல்லை," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் வரவில்லை. பயம் வந்தது.

"யாருட்டயாச்சும் சொன்னீகளா?"

அந்த ஒரு கேள்வியில் காசிராஜனுக்குப் பாதி புரிந்துபோயிற்று. "உனக்குத் தெரியுமா?" என்றார்.

அவள் ஆட்டைத் தள்ளிவிட்டு, யாரும் கேட்கவில்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கு நடுச்சாமத்துல கொட்டுற மழையில வந்தாக. இடுப்புல அரைஞாண் இல்லை. மேலெல்லாம் சிராய்ப்பு. சுமையில்லாம மலையேறிட்டிருந்தவுகள வழியில புடிச்சு, துரை தகரப்பெட்டியத் தலையில வச்சிருக்கான். ரெண்டு பேர்தான். மொட்டைப்பாறைக்கிட்ட மூச்சு முட்டி, பெட்டிய எறக்கிட்டு ஒரு நிமிசம் குத்தவச்சு உக்காந்திருக்காக. துரைக்கு அது ஆகாது. மலையில அத்தன பேருக்கும் தெரியும், சுமைக்காரன் குத்தவச்சா பூட்ஸுக்காலால ஒதைப்பான். ஒதைச்சிருக்கான். சரிவுல உருண்டவுக கைக்குக் கெடச்சதப் புடிச்சாக. கெடச்சது அவன் காலு. ரெண்டு பேரும் உருண்டாக. இவுக ஒரு வேருல தங்கிட்டாக. அவன் பாறையில மோதிட்டான்."

"கொலை இல்லையே தாயி. சொல்லியிருக்கலாமே."

"யாருட்ட?"

 செத்தவன் துரை, பக்கத்தில் இருந்தவன் சுமைக்காரன். கச்சேரியில் அந்த வழக்கு எப்படிப் போகும் என்று குரங்கணி ஆட்டுக்குக்கூடத் தெரியும்.

"அவன் துணியயும் பூட்ஸயும் பெட்டியயும் ஓடையில விட்டுட்டு, அரைஞாணக் கழட்டி அவனுக்குக் கட்டிட்டு வந்தாக. எப்பவாச்சும் பொணம் ஆப்பட்டா நான்தான் செத்தேன்னு சொல்லிருன்னாக. ஒரு வாய் கஞ்சி குடிச்சாக. கொழும்புக்கோ பினாங்குக்கோ போறேன்னாக. அதோட சரி. ஒரு சேதி இல்லை. இருக்காகளா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

"தெரியாமலா மூணு வருஷம்..."

"இருக்காகன்னு நெனச்சுக்கிட்டேன்."

சாவடியில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. தாலிக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க உண்மைய எழுதுனா எனக்குத் தாலி நிக்கும். அவுகளத் தேடுவாக. கொழும்புல இருந்தாலும் புடிச்சுட்டு வந்து தொங்கவிடுவாக. தாலி கெடந்தாத்தான் புருஷனுக்கு ஆயுசுன்னு சொல்வாக. என் கதை மட்டும் ஏறுமாறா இருக்கு. நான் அறுத்தாத்தான் அவுகளுக்கு ஆயுசு. அது அவுகதான்னு எழுதிருங்கய்யா."

பதினெட்டு வருஷம் எலும்பு அறையில் காசிராஜன் ஒரு எலும்பைப் பற்றியும் பொய் சொன்னதில்லை. அது ஒன்றுதான் அவரிடம் இருந்த சொத்து. தோட்டம் தோட்டமாகத் தேடிய அந்த அண்ணங்காரனையும் நினைத்துப் பார்த்தார். தகவல் வந்து சேராமல் போவது என்னவென்று அவருக்குத் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்கு விலையாகத் தூக்குக் கயிற்றில் ஒரு கழுத்தைக் கேட்கிறார்களே. அவள் கழுத்தையும் பார்த்தார். அதற்குமேல் யோசிக்க அவருக்கு மனசு வரவில்லை.

*

"ராக்கையாதான்," என்று சாவடியில் வந்து சொன்னார் காசிராஜன்.

மணியக்காரர் நிம்மதியாக மூச்சுவிட்டார். "அப்ப பெரியகுளத்துக்கு ஒரு எலும்பு எடுத்துக் குடும்."

வழியிலேயே விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த மொக்கையன் காசிராஜனைப் பார்த்தான். பெரியகுளத்து டாக்டர் சூட்டிகையான ஆள் என்று கேள்வி. கணுக்கால் விளிம்பில் அவர் விரலும் நின்றுவிட்டால்?

காசிராஜன் பைக்குள் கைவிட்டார். கை கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தது. பிறகு ஒரு கால் எலும்பை வெளியே எடுத்துப் பாயில் வைத்தார். ஓடைச் சேறு அப்பியிருந்தது. முன்விளிம்பில் சுண்டுவிரல் நுனி உட்காரும் அளவுக்கு ஒரு வழவழப்பான பள்ளம். காலமெல்லாம் குத்தவைத்து உட்கார்ந்த ஒரு சுமைக்காரனின் எலும்பு. மஞ்சள் துணி மட்டும் பைக்குள் தங்கிவிட்டது.

"இதை அனுப்புங்க," என்றார். "மிச்சத்த இன்னைக்கே எரிச்சிரணும். பொதைச்சா செந்நாய் மறுபடி தோண்டும்."

தலையாரி எலும்பைச் சாக்கில் சுற்றி அரக்கு வைத்தான். காசிராஜன் அதைப் பார்க்கவில்லை. வேறு பக்கம் திரும்பி, எப்போதும் இல்லாத அக்கறையாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை, பங்காளியும் இல்லை. "நான் வைக்கிறேன்," என்று மொக்கையன் துண்டை இடுப்பில் கட்டினான். யாருக்கும் கேட்காமல் காசிராஜனிடம், "துரைக்குக் கொள்ளி வச்ச மொத ஆளு நான்தாண்ணே. மேல போய்ப் பாத்தா அவனே நம்பமாட்டான்," என்றான். துரையின் கால் எலும்பு பையிலிருந்தும், பூட்ஸுக் கயிறு அரைஞாணிலிருந்தும் நேராக நெருப்புக்குள் போயின.

ஓடைக்கரையில் பெண்கள் சுருளியம்மாளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூன்று வருஷத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் அவளைத் தொட்டார்கள். பூவை எடுத்தார்கள், வளையலை உடைத்தார்கள், கயிற்றை அறுத்தார்கள். அவள் அழவில்லை. "கல்லு நெஞ்சுக்காரி, ஒரு சொட்டு வருதா பாரு," என்று ஒருத்தி சொன்னது காசிராஜன் காதில் விழுந்தது. அவருக்குத்தான் அழுகை வந்தது. ஊர் முழுக்க நிற்கிற இடத்தில் அவள் எவ்வளவு தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தவர் அவர்தான். அதை அவரும் வாய் திறந்து சொல்ல முடியாது.

இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். கழுதை மணிச் சத்தம் மட்டும் கேட்டது. காசிராஜன் பையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தார். கனமாக இருந்து அல்ல.

"சாப்பாட்டுக்கு நம்ம வீட்டுக்கு வந்துருங்கண்ணே," என்றான் மொக்கையன். "மாடக்குழியும் காலியாப் போச்சு. இனி அங்க யாருட்டப் பேசுவீக?"

"என்ன கொழம்பு?"

"கருவாடு."

"வர்றேன்."

இன்னும் ஒரு வளைவு இறங்கினார்கள். மொக்கையனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏண்ணே, ஒருநா ராக்கையா நெசமாவே திரும்பி வந்தா என்ன ஆகும்? செத்தவன் வந்துட்டான்னு ஊரே ஓடும். மணியக்காரர் வேட்டிய விட்டுட்டு ஓடுவாரு."

காசிராஜன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்து முடித்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஓடட்டும். ஒருத்தி ஓடமாட்டா."